சென்டர் ஸ்பீக்கர் எதைப் பார்த்து வாங்குவது? ஓரத்தில் அமர்பவருக்கு வசனம் புரியவில்லை

தறிவீட்டுக்காரர், சோமனூர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்ங்க. எங்கள் வீட்டு ஹோம் தியேட்டருக்கு ஒரு சென்டர் ஸ்பீக்கர் (திரைக்கு நடுவில் வைப்பது, வசனம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும்) வாங்கலாம் என்று இருக்கிறேன். வாங்கியபின் வருந்துவதைவிட முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது என்பதால், வீட்டு நிலவரத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கூடம் 18 அடி நீளம், 13 அடி அகலம். கான்கிரீட் கூரை, தரை முழுக்க டைல்ஸ், ஒரு பக்கச் சுவரில் இரண்டு பெரிய சன்னல்கள். 65 அங்குல டிவி ஒரு மர ஸ்டாண்டின்மேல் நிற்கிறது. அதன் இருபுறமும் ஐந்தேகால் அங்குல வூஃபர் (கீழ்ச்சுருதிகளுக்கான கூம்பு) கொண்ட, அலமாரியில் வைக்கும் அளவிலான இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், பின்னால் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், அடித்தொனிக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர், இவை எல்லாவற்றையும் இயக்கும் ஒரு 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர் என்பதுதான் 5.1) இருக்கின்றன. சென்டர் மட்டும் முன்பிருந்த பழைய செட்டோடு வந்த, இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடுகிற பிளாஸ்டிக் பெட்டி.

சிக்கல் வசனத்தில்தான். பாட்டும் சண்டைக் காட்சியும் நிறைவாக இருக்கின்றன. பேச்சு மட்டும் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்து வருகிறது. பக்கத்து வீட்டில் பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. அந்தச் சத்தம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழகிப்போனதுதான் என்றாலும், தறி ஓடும் நேரத்தில் மெல்லிய பேச்சு அதில் அமிழ்ந்துபோகிறது. வசனத்துக்காக ஒலியைக் கூட்டினால், அடுத்த காட்சியிலேயே சன்னல் கண்ணாடி அதிர்கிறது.

இதில் எனக்கு உண்மையான கவலை எங்கள் அம்மிச்சியைப் பற்றியது. எண்பது வயதாகிறது. சோபா அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சன்னலோரத் திவானில்தான் அமர்வார். அந்த இடம் டிவி இருக்கும் சுவரிலிருந்து ஒன்பதரை அடி, திரையின் நடுக்கோட்டிலிருந்து ஐந்தரை அடி விலகி இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அவ்வளவு ஆசையோடு பார்ப்பவர், இப்போது வசனத்துக்கு வசனம் "என்ன சொன்னான்?" என்று என்னைக் கேட்கிறார், சில நாள்கள் கேட்பதையும் விட்டுவிட்டு வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் இரண்டு சென்டர்களைக் காட்டினார்கள். ஒன்றில் ஆறரை அங்குல வூஃபர்கள் இரண்டு, அவற்றுக்கு நடுவில், உயர்ந்த சுருதிகளுக்கான ஒரு ட்வீட்டர். பார்ப்பதற்கே கம்பீரமாக இருக்கிறது. மற்றொன்று என்னிடமுள்ள புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களின் அதே வரிசையைச் சேர்ந்தது. நடுவில் இடைச்சுருதிகளுக்கான ஒரு சிறிய மிட்ரேஞ்சும் அதன் தலைக்குமேல் ட்வீட்டரும், இருபுறமும் சற்றே சிறிய வூஃபர்களும் கொண்டது. இது விலை கூடுதல், வாட்ஸ் குறைவு. வாட்ஸ் அதிகமுள்ளதையே எடுக்கச் சொல்கிறார் நண்பர். எதை எடுப்பது?

நொய்யல் கரை, சிங்காநல்லூர்

கடைக்குப் போகும் முன் ஒன்றைப் பாருங்கள். இப்போதுள்ள சென்டருக்கு, அதற்குரிய ஒலித்தடம் உண்மையிலேயே வந்து சேர்கிறதா?

டிவியிலுள்ள செயலிகளில் படம் பார்த்து, ஒலியை எச்.டி.எம்.ஐ. கம்பியின் ஏ.ஆர்.சி. இணைப்பு வழியாக ரிசீவருக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு பி.சி.எம். என்று இருந்தால், ஏ.ஆர்.சி.யில் இரண்டே தடங்கள்தாம் போகும். அதைப் பிட்ஸ்ட்ரீம் என்றோ பாஸ் த்ரூ என்றோ (வந்த ஒலியை அப்படியே அனுப்பும் முறை) மாற்றினால்தான் டால்பி டிஜிட்டல் பிளஸ் 5.1 ரிசீவருக்குச் சென்று சேரும். படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து தெரிகிறது என்று பார்த்தால் உடனே விளங்கிவிடும். இரண்டு தடங்கள் மட்டும் வந்து, ரிசீவரும் ஸ்டீரியோ முறையில் இருந்தால், சென்டர் ஊமையாக இருக்கும்.

அம்மிச்சி பார்க்கும் பழைய படங்களில் இது இன்னும் முக்கியம். அவை ஒற்றைத்தட ஒலியில் எடுக்கப்பட்டவை. இடத்திலும் வலத்திலும் ஒரே ஒலிதான் இருக்கும். ரிசீவரை டால்பி சரவுண்ட் முறையில் வைத்தால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலியை அது சென்டருக்கு இழுத்துக்கொள்ளும். ஆகவே அந்தப் படங்களில் வசனம் மட்டுமல்ல, பாட்டும் வாத்தியமும்கூட அந்த ஒரே பெட்டியிலிருந்துதான் வரப்போகின்றன. சென்டரைச் சிக்கனம் பார்க்கும் இடமாக நினைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரிசீவரில் இரவு நேர ஒலி முறை அல்லது டைனமிக் ரேஞ்ச் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை இயக்கினால் உரத்த ஒலிகள் தணிந்து, மெல்லிய பேச்சு சற்று மேலெழும். தறி ஓடும் நேரத்தில் நிச்சயம் பயன்படும்.

பவானிக் கூடல், ஈரோடு மாவட்டம்

மேலே நண்பர் சொன்னதை முதலில் செய்துவிடுங்கள். அதற்கப்புறமும் வாங்க வேண்டியிருந்தால், இரண்டாவதையே வாங்குங்கள். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன்; நானே இந்தத் தவற்றைச் செய்து, அதன் வேரைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் அலைந்தவன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரர் பேச்சை நம்பி, இரண்டு பெரிய வூஃபர்களுக்கு நடுவில் ட்வீட்டர் வைத்த சென்டர் ஒன்றை வாங்கினேன். நான் சோபாவின் நடுவில் உட்கார்ந்து கேட்டபோது குரல் கணீரென்று இருந்தது. ஓரத்தில் உட்காரும் அம்மாவோ, பேச்சு உள்வாங்கிக்கொண்டே வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காது மந்தமாகிவிட்டதோ என்று மருத்துவரிடம்கூட அழைத்துப்போனேன். ஒருநாள் தற்செயலாக அம்மாவின் இடத்தில் நான் அமர்ந்து செய்தி கேட்டபோதுதான், வாசிப்பவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல இருந்தது எனக்கும் தெரிந்தது. அம்மாவின் காதில் குறையில்லை; குறை அந்தப் பெட்டியின் அமைப்பில் இருந்தது.

என் பெட்டியில் இரண்டு வூஃபர்களின் மையங்களுக்கும் இடையே 32 சென்டிமீட்டர் தூரம். நேர் எதிரே அமர்ந்தால் இரண்டிலிருந்தும் ஒலி ஒரே நேரத்தில் காதுக்கு வருகிறது. நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகி அமர்ந்தால், ஒரு வூஃபர் மற்றதைவிட 16 சென்டிமீட்டர் தள்ளிப்போய்விடுகிறது. 16 சென்டிமீட்டரை அரை அலைநீளமாகக் கொண்ட ஒலியை எடுத்துக்கொண்டால், ஒரு வூஃபரிலிருந்து வரும் அலையின் மேடு மற்றதிலிருந்து வரும் அலையின் பள்ளத்தோடு சேர்ந்து இரண்டும் அழிந்துபோகின்றன. கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 1,080 ஹெர்ட்ஸ். ஒலியை வூஃபர், ட்வீட்டர் என்று இரண்டாக மட்டும் பிரிக்கும் இத்தகைய டூ-வே பெட்டிகளில், அந்தப் பிரிவு நடக்கும் சுருதி (கிராஸ்ஓவர்) பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், அந்த இடத்தில் இரண்டு வூஃபர்களும் முழுமூச்சாகப் பாடிக்கொண்டிருக்கின்றன. மனிதப் பேச்சின் நட்டநடுவில் ஒரு குழி விழுகிறது. உங்கள் அம்மிச்சியின் திவான், நீங்கள் கொடுத்த அளவுகளின்படி, கிட்டத்தட்ட அதே 30 பாகையில்தான் இருக்கிறது.

இதை நம்ப வேண்டியதில்லை, செய்து பார்க்கலாம். நான் அந்தப் பெட்டியை எடுத்து, டிவிக்கு முன்னால் ஒரு முக்காலியின்மேல் நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். வூஃபர்கள் மேலும் கீழுமாக வந்துவிட்டதால், பக்கவாட்டில் எங்கு அமர்ந்தாலும் இரண்டின் தூரமும் ஒன்றாகிவிட்டது. அதே செய்தியை ஓடவிட்டு அம்மாவைப் பழைய இடத்தில் உட்கார வைத்தேன். "இப்ப நல்லாக் கேக்குதே" என்றார். அதே பெட்டி, அதே ரிசீவர், அதே காது.

நீங்கள் பார்த்த இரண்டாவது சென்டரில் வூஃபர்கள் கீழ்ச்சுருதிகளை மட்டும் பார்த்துக்கொள்கின்றன; பேச்சின் முக்கியமான பகுதி நடுவிலுள்ள ஒற்றை மிட்ரேஞ்சிலிருந்தும், அதற்கு நேர்மேலே உள்ள ட்வீட்டரிலிருந்தும் வருகிறது. பக்கவாட்டில் போட்டிக்கு ஆளில்லாததால் இந்தக் குழி விழுவதில்லை. வூஃபரின் மையத்திலேயே ட்வீட்டரைப் பொருத்தும் முறையும் உண்டு. கெஃப் நிறுவனம் 1988 முதல் யூனி-க்யூ என்ற பெயரில் அதைச் செய்து வருகிறது. அதன் நோக்கமும் இதுவே: மேல், கீழ், பக்கம் எங்கிருந்து கேட்டாலும் ஒலி ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும்.

அடுத்து, ஒரே வரிசை என்பதைச் சிறிதாக எண்ணாதீர்கள். தறி வைத்திருக்கும் ஊர்க்காரருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஒரே நிறம்தான் என்று நம்பி வேறொரு சாயத்தொட்டி நூலை ஊடையில் ஓட்டினால், துணியை விரித்ததும் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பீக்கரும் அப்படித்தான். மூன்று முன் ஸ்பீக்கர்களிலும் ஒரே ட்வீட்டரும் ஒரே பொருளாலான கூம்பும் இருந்தால்தான், திரையில் ஒருவர் இடமிருந்து வலமாகப் பேசிக்கொண்டே நடக்கும்போது குரலின் நிறம் மாறாமல் வரும். ரிசீவரிலுள்ள சோதனை இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டுக் கேட்டால், இப்போது உங்கள் வீட்டில் சென்டர் எவ்வளவு விலகி நிற்கிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாட்ஸ் பற்றி உங்கள் நண்பர் சொன்னதை விட்டுவிடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸ், அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறதேயன்றி எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதைச் சொல்வதில்லை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. 87 டெசிபல் உணர்திறன் (ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) கொண்ட ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் உள்ளதை வாங்கினால், அதே ரிசீவரிலேயே அந்த 3 டெசிபல் கிடைத்துவிடுகிறது. பார்க்க வேண்டியவை உணர்திறனும், உங்கள் ரிசீவர் தாங்கக்கூடிய ஓம் (மின்தடை) அளவும்.

பழைய ஆபரேட்டர், பொள்ளாச்சி

முப்பதாண்டுகளுக்குமேல் புரொஜெக்டர் அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். தியேட்டரில் திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று நிற்கும் ஸ்பீக்கர்கள் மூன்றும் ஒரே வகையாக, ஒரே உயரத்தில், நெட்டுக்குத்தாக இருக்கும். திரையில் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள் போட்டிருப்பதால் ஒலி அதன் வழியே வந்துவிடுகிறது. சென்டரைப் படுக்கவைக்கும் வழக்கமே வீட்டு டிவிக்குக் கீழே இடமில்லாததால் வந்தது. எனவே டிவிக்குக் கீழே உங்கள் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரின் உயரத்துக்கு இடம் இருக்குமானால், அதே மாடலில் மூன்றாவது ஒன்றை வாங்கி நிமிர்த்தி வைப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஜோடியாகத்தான் தருவார்கள் என்றால், மிஞ்சும் ஒன்று வீட்டில் எதற்காவது பயன்படும். ஆனால் அதை இடமில்லை என்று படுக்கப் போட்டுவிடாதீர்கள். ட்வீட்டரும் வூஃபரும் பக்கம் பக்கமாக வந்து, பவானிக்காரர் சொன்ன அதே வம்பு வேறு சுருதியில் வந்துசேரும்.

சென்டரே வேண்டாம், இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து நடுவில் குரலை உண்டாக்கிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். நடுவில் ஒருவர் மட்டும் அமர்ந்து பார்க்கும் வீட்டில் அது ஓரளவு சரி. அங்கும் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியும் கால் மில்லி விநாடி முன்பின்னாக வருவதால், 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குரல் சற்று மங்கும். ஓரத் திவானில் இருப்பவருக்கோ பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியே முந்திக்கொண்டு வரும். பேசுபவர் திரையின் நடுவில் இருக்க, பேச்சு சன்னல் பக்கத்திலிருந்து கேட்கும். இந்தக் குறை புதிதாகக் கண்டதன்று. 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வகத்தார் பிலடெல்பியாவில் வாசித்த ஆர்க்கெஸ்ட்ராவைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே வாஷிங்டன் அரங்கத்துக்குக் கொண்டுபோனபோதே மூன்று மைக், மூன்று தடம், மூன்று ஸ்பீக்கர் என்றுதான் அமைத்தார்கள். அகன்ற அரங்கில் பலர் கேட்க வேண்டுமானால் நடுவில் உண்மையான ஒரு ஸ்பீக்கர் தேவை என்பதை அவர்கள் அப்போதே தெரிந்துவைத்திருந்தார்கள்.

கூடத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் சேர்ந்தால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறிவிடும். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'ட்ர்ர்ர்' என்று ஓசை நீண்டால் வேலை இருக்கிறது என்று பொருள். டிவிக்கும் சோபாவுக்கும் இடையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரியுங்கள். அது மட்டும் போதாது, மெல்லியது. அதற்கடியில் எங்கள் ஊர்ப் பக்கம் கிடைக்கும் தடித்த தென்னைநார் விரிப்பு ஒன்றைப் போட்டால்தான் பலன் தெரியும். சன்னல்களுக்குக் கனமான திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியும் குறையும். சன்னலைச் சாத்தி இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்தால் தறிச் சத்தமும் கொஞ்சம் அடங்கும்.

வயதானவர்களுக்குக் காதில் முதலில் குறைவது உயர்ந்த சுருதிகள்தாம். சகரம், தகரம் போன்ற மெய்களின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. உயிரெழுத்து கேட்கும், மெய் நழுவிவிடும். அதனால்தான் 'சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை' என்கிறார்கள். சென்டரின் ட்வீட்டர் அவர்கள் காதை நோக்கி இருக்க வேண்டியது அவசியம்.

தறிவீட்டுக்காரர், சோமனூர்

மூன்று பேருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

டிவியில் பி.சி.எம். என்றுதான் இருந்தது! இரண்டு ஆண்டுகளாக 5.1 என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது இரண்டு தடங்கள் மட்டுமே. ரிசீவர் தன்னிச்சையாக நடுவுக்கு இழுத்ததைத்தான் அந்தச் சிறிய பெட்டி பாடிக்கொண்டிருந்தது. பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றியதும் பேச்சு பின்னணி ஓசைகளிலிருந்து பிரிந்து நிற்கிறது. குரல் மெலிந்திருப்பது மட்டும் மாறவில்லை. ரிசீவரின் கிராஸ்ஓவர் (எந்தச் சுருதிக்குக் கீழுள்ள ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்புவது என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் இருந்தது. அந்தச் சிறிய பெட்டியால் அவ்வளவு கீழே இறங்க முடியாது என்று தோன்றியதால் 150க்கு உயர்த்தினேன். ஆண் குரலுக்குக் கொஞ்சம் உடம்பு வந்தது. ஆனால் அந்த உடம்பு சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து கேட்கிறது. எனவே சென்டர் வாங்கியே ஆக வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு கடைக்குப் போனேன். பெரிய சென்டரின் வூஃபர் மையங்களுக்கிடையே 34 சென்டிமீட்டர். கடைப் பையனிடம் தயக்கத்தோடுதான் கேட்டேன். மறுக்காமல் இரண்டு பெட்டிகளிலும் ஒரே செய்தி வாசிப்பை மாற்றி மாற்றி ஓடவிட்டான். நேர் எதிரே அமர்ந்தபோது பெரியதே எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுந்து ஐந்தாறு அடி பக்கமாக நகர்ந்ததும் அதன் குரல் உள்ளே போய்விட்டது. பெட்டியை நிமிர்த்தி வைத்ததும் திரும்பி வந்தது. நடுவில் மிட்ரேஞ்ச் உள்ளதில் நான் நகர நகரக் குரல் மெல்ல மங்கியதே தவிர, குணம் மாறவில்லை. அதற்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒரு புதிய சங்கடம். அந்தப் பெட்டி 9 அங்குல உயரம், 12 அங்குல ஆழம். டிவி ஸ்டாண்டின் தட்டில் உள்ள இடைவெளி 7 அங்குலம்தான். ஸ்டாண்டின் மேற்பலகை தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் டிவியின் கால்களுக்கிடையே 3 அங்குல இடம்தான் உண்டு. ஆசாரியை அழைத்துத் தட்டைப் பெரிதாக்கி, பெட்டியை உள்ளே வைத்துவிடலாமா?

பவானிக் கூடல், ஈரோடு மாவட்டம்

தட்டுக்குள் வைக்க வேண்டாம். மூன்று பக்கமும் பலகை சூழ்ந்த பொந்துக்குள் வைத்தால் ஆண் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கும். பெட்டியின் பின்புறம் காற்றுத்துளை இருந்தால் இன்னும் மோசம்.

ஆசாரிக்குப் பதிலாகச் சுவரில் டிவி மாட்டுபவரை அழையுங்கள். டிவியின் கீழ்விளிம்பு மேற்பலகையிலிருந்து 12 அங்குலம் மேலே இருக்கும்படி சுவரில் மாட்டிவிட்டு, சென்டரை மேற்பலகைமேலேயே வையுங்கள். 65 அங்குலத் திரையின் உயரம் 32 அங்குலம்தான் என்பதால், அதன் நடு தரையிலிருந்து 46 அங்குலத்தில் வரும். அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு அது பெரிய உயரமன்று. ஸ்பீக்கரின் முகம் மேற்பலகையின் முன்விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி நேராக வரும் ஒலியோடு கலந்து குழப்பும்.

சாய்வுக்கும் கணக்கு உண்டு. ஸ்பீக்கரின் நடு தரையிலிருந்து இருபத்திரண்டரை அங்குலத்தில் இருக்கும். அமர்ந்தவரின் காது ஏறத்தாழ 39 அங்குலத்தில். ஒன்பதரை அடி தூரத்துக்கு அது 8 பாகைக்குச் சற்று மேல். 12 அங்குல ஆழமுள்ள பெட்டிக்கு, முன்பக்கத்தை ஒன்றே முக்கால் அங்குலம் தூக்கினால் ட்வீட்டர் காதைப் பார்க்கும். கதவுக்கு வைக்கும் ரப்பர் ஆப்பு இரண்டு போதும், வழுக்காமலும் இருக்கும். திவான் இன்னும் தாழ்வானது என்றால் அம்மிச்சியை அதில் உட்காரவைத்துக் காது உயரத்தை அளந்து, அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து, ஸ்பீக்கர்களை ரிசீவரே அளந்து சரிசெய்துகொள்ளும் அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். பழைய சென்டருக்கு எடுத்த அளவு புதியதற்கு உதவாது. கிராஸ்ஓவரை 80க்குத் திருப்புங்கள். எல்லாம் முடிந்தபின் சென்டரின் அளவை மட்டும் 2 டெசிபல் கூட்டி, தறி ஓடும் நேரத்தில், திவானில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள்.